தேய்ந்த ரயரின் சிக்கனம்

தமிழ் கற்பிக்கும் ஆசிரியன் ஒருவன் மோட்டார் ரயரைப் பற்றிக் கட்டுரை எழுதப் புகுந்தால் வாசகர் நகைக்கக்கூடும். இலக்கணத்தில் ஐயம் கேட்டு வருபவர்க்கு விடை சொல்லும் தகுதி எனக்கு ஓரளவு உண்டு. சில்லுகளைப் பற்றிப் பேசும் தகுதி எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே செல்லவேண்டும். அது கல்வியால் வந்த தகுதியன்று. கார்த்திகை மாதத்து மழைக் காலையொன்றில் என் அறியாமை ஒரு மாணவனின் சைக்கிளுக்கு ஒரு முழத் தொலைவில் வந்து நின்றது. அந்த ஒரு முழமே என் தகுதி.

நான் குடியிருப்பது யாழ்ப்பாண நகரத்தை அடுத்து. படிப்பிப்பது பளைப் பகுதியிலுள்ள ஒரு பாடசாலையில். போக ஏறக்குறைய 40 கிலோமீற்றர், வர 40. 2022 ஆம் ஆண்டில் இந்நாட்டு மக்கள் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றதை வாசகர்க்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அந்நாட்களில் பாடசாலைக்குப் போவதே ஒரு போராட்டமாக இருந்தது. வரிசைகள் ஓய்ந்தபின்னரும் அவற்றின் அச்சம் ஓயவில்லை. 2023 இல், மனைவியின் சங்கிலியை அடகு வைத்தும் வங்கியிற் கடன் பெற்றும், யப்பானில் ஓடிக் களைத்த சிறிய மின்கார் ஒன்றை வாங்கினேன். ஊரார் என்னைப் பணக்காரன் என்றார்கள். உண்மை வங்கிக்குத் தெரியும். என்னோடு அதே பாதையில் போய்வரும் மூவர் தங்கள் பஸ் கட்டணத்தை மாதந்தோறும் என் கையில் தர இசைந்தனர். கணிதம் கற்பிக்கும் நண்பர் ஒருவர். விஞ்ஞானம் கற்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர். ஓய்வுபெற இன்னும் நான்கு ஆண்டுகளே உள்ள, முதுகு நோவினால் வருந்தும் சமூகக்கல்வி ஆசிரியை ஒருவர். அவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்றே அழைப்போம்.

காரின் பற்றரி புதிதாக இருந்த காலத்தில் அது கொண்டது 24 அலகு மின்சாரம். எங்கள் கைக்கு வந்தபோது பயன்பாட்டுக்கு எஞ்சியிருந்தது ஏறத்தாழ 15 அலகுதான். ஓர் அலகுக்கு ஏழு கிலோமீற்றர் என்று கணக்கிட்டால் 105 கிலோமீற்றர் வரும். எங்கள் தேவை 80. மீதியாகத் தோன்றும் 25 கிலோமீற்றரிலிருந்துதான் குளிர்காற்று இயந்திரம், எதிர்க்காற்று, மழை, பாடசாலைக்குச் செல்லும் கிரவல் பாதை, வழியில் யாரேனும் ஒரு பிள்ளையை வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்லவேண்டிய தேவை எல்லாவற்றுக்கும் பங்கு கொடுக்கவேண்டும். பற்றரி வற்றும் தறுவாயில் முகப்பிலே ஒரு சிறு ஆமையின் உருவம் ஒளிரும். அதன்பின் காரும் ஆமைபோலவே நகரும். எங்கள் பயணத்தின் ஐந்தாவது பிரயாணி அந்த ஆமை. அது எழும்பாமல் வீடு சேர்வதே எங்கள் அன்றாடக் கவலை.

கணித ஆசிரியர் ஒரு கொப்பி வைத்திருந்தார். ஒவ்வொரு நாளும் வீடு திரும்பியதும் எஞ்சிய மின்சாரத்தின் அளவை அதிற் குறிப்பார். ஓராண்டுக்குப் பின்பு ஒரு விந்தையைக் கண்டோம். வயதேற ஏறப் பற்றரி தளரவேண்டும். எஞ்சும் அளவு குறையவேண்டும். அது குறையவில்லை, சிறிதளவு கூடியுமிருந்தது. என் ஓட்டும் திறமையே காரணமென்று நான் உள்ளூரப் பெருமைப்பட்டேன். அப்பெருமையை ஒருவரும் மறுக்கவில்லை. காரணம் என் கால்களின் பக்குவமன்று, ரயர்களின் வழுக்கையே என்பது எங்களில் ஒருவருக்கும் அப்போது தெரியாது.

இதனைச் சிறிது விளக்கவேண்டும். உருளும் ரயரின் ஒவ்வொரு பகுதியும் தரையைத் தொடும்போது அமுங்குகிறது, விலகும்போது நிமிர்கிறது. அமுங்கிய இறப்பர் தான் வாங்கிய சக்தி முழுவதையும் நிமிரும்போது திருப்பித் தருவதில்லை. ஒரு பங்கை வெப்பமாக்கி இழந்துவிடுகிறது. நெடுந்தூரம் ஓடிய ரயரைத் தொட்டால் கை சுடுவதற்கு இதுவும் காரணம். இந்த இழப்பே உருள்தடை. பெற்றோல் காரில் எரிபொருளின் சக்தியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இயந்திரத்திலேயே வெப்பமாய் வீணாகிவிடுவதால் ரயரின் களவு பெரிதாகக் கண்ணிற் படுவதில்லை. மின்காரின் மோட்டாரோ பெற்ற சக்தியில் பெரும்பங்கைச் சில்லுக்குக் கொடுத்துவிடும். செல்வந்தன் வீட்டில் ஒரு கொத்து அரிசி குறைந்தால் ஒருவரும் அறியார். ஏழை வீட்டில் ஒரு சுண்டு குறைந்தாலும் பானைக்குத் தெரியும். எங்கள் கார் ஏழை வீடு.

புதிய ரயரின் மேற்பரப்பில் ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் ஆழமான பள்ளங்கள் உண்டு. தேயத் தேய அமுங்கி நிமிரவேண்டிய இறப்பரின் அளவு குறைகிறது. அதனால் உருள்தடையும் குறைகிறது. ஆகவே முற்றாகத் தேய்ந்த ரயரே மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் ரயர். கொப்பியில் நாங்கள் கண்டு மகிழ்ந்த சிக்கனம் இதுதான். ஆனால் அந்தப் பள்ளங்கள் அழகுக்காக வெட்டப்பட்டவையல்ல. மழைநீரை இருபுறமும் ஒதுக்கி, இறப்பர் தாரைத் தொட வழிசெய்பவை அவை. பள்ளம் போனால் நீருக்குப் போக்கிடம் இல்லை. கார் தாரை விட்டு நீரின் மேல் மிதக்கத் தொடங்கும். சிக்கனத்தின் உச்சமும் ஆபத்தின் உச்சமும் ஒரே ரயரில் ஒரே நாளிற் சந்திக்கின்றன. இந்த உண்மையை எந்தக் கொப்பியும் எங்களுக்குச் சொல்லவில்லை.

சொன்னது மழை. 2024 ஆம் ஆண்டு கார்த்திகையில், முகமாலையைக் கடந்து பளையை அணுகுமிடத்தில், எங்கள் பாடசாலை மாணவன் ஒருவன் தங்கையைச் சைக்கிளின் முன் பாரில் ஏற்றி, இருவர் தலையையும் ஒரே பொலித்தீனால் மூடிக்கொண்டு வீதியைக் குறுக்கறுத்தான். நான் பிரேக்கை மிதித்தேன். சில்லுகளின் சுழற்சி அடங்கியதை உணர்ந்தேன், கார் அடங்கவில்லை. அதற்குள் நான்கு ஆசிரியர்கள் இருந்தோம். நால்வரும் ஒரு சொல்லும் பேசவில்லை. கார் தானாக ஒரு பக்கம் திரும்பி, அவனுடைய பின் சில்லுக்கு ஒரு முழத் தொலைவில் நின்றது. பையன் இறங்கி, பொலித்தீனை விலக்கி, என்னை அடையாளம் கண்டு, "குட் மோர்னிங் சேர்" என்றான். தவறு தன்னுடையது என்று எண்ணியவனைப்போல் தலையைக் குனிந்துகொண்டான். அன்று முதற் பாடம் அவனுடைய வகுப்பில். என்ன படிப்பித்தேன் என்பது இன்றுவரை நினைவில்லை.

அன்று மாலை, வாழ்க்கையில் முதன்முறையாக, முழந்தாளிட்டு ஒரு ரயரை வாசித்தேன். பள்ளங்களின் அடியில் 1.6 மில்லிமீற்றர் உயரத்தில் சிறு மேடுகள் உண்டு. மேற்பரப்பு தேய்ந்து அம்மேடுகளோடு சமமாகிவிட்டால் அந்த ரயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். என் ரயர்களில் முன்னிரண்டும் எப்போதோ சமமாகிவிட்டிருந்தன. பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருந்தன: முதலிரண்டும் உற்பத்தியான வாரம், மற்றிரண்டும் ஆண்டு. 2315 என்றால் 2015 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். ஒன்பது ஆண்டுகள் ஆகிய இறப்பர் வெளியே கறுப்பாகவே இருக்கும், உள்ளே இறுகிப்போயிருக்கும். இத்தனையும் எழுத்தில் இருந்தது. பழைய உரைகளை வரிக்கு வரி வாசித்துப் பட்டம் பெற்ற நான் தினந்தோறும் ஏறிச்சென்ற ரயரின் நான்கு இலக்கங்களை வாசிக்கவில்லை.

நிற்க. மாற்றுவது என்று துணிந்தபின் எதனை வாங்குவது என்ற கேள்வி எழுந்தது.

கடைக்காரர் முதலில் காட்டியவை யப்பானிலிருந்து வந்த பாவித்த ரயர்கள். பள்ளங்கள் ஆழமாகத்தான் இருந்தன. நான் குனிந்து நான்கு இலக்கங்களைத் தேடியபோது அவருடைய முகம் சிறிது மாறியது. என் பழைய ரயரைவிட அவை இரண்டு வயதே இளையவை. அடுத்ததாக, பெயரைத் தவிர வேறெதுவும் எழுதப்படாத மலிவான புதிய ரயர்களைக் காட்டினார்.

"எல்லாம் ஒண்டுதான் மாஸ்டர். வட்டமா இருந்தா உருளும்."

மூன்றாவதாக அவர் காட்டியது அவருக்கே மிகப் பிடித்தமானது. சில்லின் விட்டத்தை 15 அங்குலத்திலிருந்து 17 ஆக்கி, அகன்ற மெல்லிய ரயர் பூட்டினால் கார் "சொகுசாக" இருக்கும் என்றார். சொகுசு என்ற சொல்லை அவர் கண்ணுக்குரியதாகக் கொண்டார். பக்கச் சுவரில் எழுதியிருந்ததைக் கணித ஆசிரியர் படித்து அங்கேயே கணக்குப் போட்டார். எங்கள் ரயரின் அளவு 195/65: அகலம் 195 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அதில் 65 வீதம், அதாவது 127 மில்லிமீற்றர். அவர் காட்டியது 215/45. சுவரின் உயரம் 97. அழகுக்காக நாங்கள் இழக்க இருந்தது மூன்று சென்றிமீற்றர் காற்று. கிரவல் பாதையின் ஒவ்வொரு கிடங்கையும் அக்காவின் முதுகெலும்புக்குத் தெரியாமல் மறைப்பது அந்த மூன்று சென்றிமீற்றர் காற்றுத்தான். கண்ணுக்குச் சொகுசான ரயர் முதுகுக்குத் தண்டனை.

ஆகவே அளவை மாற்றுவதில்லை என்று தீர்மானித்தோம். சுமையையும் பார்த்தோம். பக்கத்தில் 91 என்றிருந்தால் ஒரு ரயர் 615 கிலோ தாங்கும், நான்கும் 2,460. எங்கள் காரும் நாங்கள் நால்வரும் கொப்பி மூட்டைகளும் சேர்ந்து ஏறக்குறைய 1,730 கிலோ. பற்றரியின் பாரத்தால் மின்கார் தன் அளவுள்ள பெற்றோல் காரைவிடக் கனமானது. அதனால் இந்த எண்ணைக் குறைத்து வாங்கலாகாது.

எஞ்சியவை எங்கள் அளவிலான இரண்டு வகை. இரண்டிலும் யப்பானிய முத்திரை ஒட்டப்பட்டிருந்தது. அந்நாட்டில் 2010 ஆம் ஆண்டு தொடக்கம் ரயருக்கு இரண்டு மதிப்பெண்கள் கொடுக்கிறார்கள். ஒன்று உருள்தடைக்கு, அதில் மூன்று 'ஏ' பெற்றது தலைசிறந்தது, கடைசி 'சீ'. மற்றது ஈரத் தரையிற் பிடிக்கு. சிறிய 'ஏ' முதல் 'டி' வரை. ஐரோப்பாவிலும் 2012 முதல் இத்தகைய முத்திரை உண்டு. 2021 இல் அதனைத் திருத்தி, 'ஏ' முதல் 'ஈ' வரை ஐந்து வகுப்புகளாக்கி, வெளியே எழும் ஓசையின் அளவையும் காட்டுகிறார்கள். எங்கள் முன்னிருந்த முதல் ரயர் உருள்தடையில் மூன்று 'ஏ', ஈரப் பிடியில் 'சீ'. இரண்டாவது உருள்தடையில் இரண்டு 'ஏ', ஈரப் பிடியில் 'பீ', பக்கச் சுவர் சற்று இளக்கமானது, விலையும் கூடியது.

இரண்டு மதிப்பெண்களும் ஒன்றோடொன்று பகைப்பது ஏன் என்று விஞ்ஞான ஆசிரியை விளக்கினார். ஈரத் தாரைப் பற்றவேண்டுமானால் இறப்பர் தாரின் ஒவ்வொரு சிறு மேடு பள்ளத்திலும் நெளிந்து சக்தியை இழக்கவேண்டும். குறைந்த மின்சாரத்தில் ஓடவேண்டுமானால் அதே இறப்பர் சக்தியை இழக்காமல் இருக்கவேண்டும். ஒரே பொருளிடம் இருவேறு ஒழுக்கங்களைக் கேட்கிறோம். முன்பு இறப்பருக்கு வலுவூட்டக் கரித்தூளையே பெரிதும் கலந்தார்கள். 1992 இல் பிரான்ஸ் நாட்டு மிஷலின் நிறுவனம் அதற்குப் பதிலாகச் சிலிக்காவைக் கலந்து, உருளும்போது இழப்புக் குறைந்தும் நிறுத்தும்போது பிடி குறையாமலும் உள்ள ரயரைக் கொண்டுவந்தது. பகை தணிந்தது, ஆனால் முற்றாகத் தீரவில்லை. பகை எந்த அளவு தணிந்திருக்கிறதோ அந்த அளவுக்கு விலை ஏறும்.

கணித ஆசிரியர் முதல் ரயரின் கட்சி. அவருடைய கணக்கில் பிழையில்லை. தரமான ரயருக்கும் தரமற்ற ரயருக்கும் உருள்தடையில் உள்ள வேறுபாடு ஆயிரம் கிலோ பாரத்துக்கு ஏறத்தாழ மூன்று கிலோ இழுவை. எங்கள் பாரத்துக்கு, 80 கிலோமீற்றரில், பற்றரியிலிருந்து ஒன்றேகால் அலகு கூடுதலாகப் போகும். எட்டு ஒன்பது கிலோமீற்றர் குறையும். எழுத்தில்லாத மலிவு ரயரை வாங்கினால் ஆமை ஒவ்வொரு மாலையும் எட்டிப் பார்க்கும். அதுவரை எல்லோரும் ஒத்துக்கொண்டோம். மூன்று 'ஏ'க்கும் இரண்டு 'ஏ'க்கும் இடையில் உள்ள வேறுபாடோ அவ்வளவன்று. இரண்டு மூன்று கிலோமீற்றர்தான். அந்த இரண்டு மூன்று கிலோமீற்றருக்காகவும் விலைக்காகவும் அவர் வாதாடினார். மின்சாரமே பேசும் கொப்பியை ஓராண்டாக எழுதிய கை அது. அவரைக் குறைசொல்ல முடியாது.

அப்போது அக்கா கேட்டார்: "தம்பி, அண்டைக்கு அந்தப் பிள்ளையளுக்கு முன்னால எங்களுக்கு எத்தினை முழம் தேவைப்பட்டது?"

ஒருவரும் விடை சொல்லவில்லை. ஐரோப்பிய முத்திரை அறிமுகமானபோது, மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் ஈரத் தரையிற் பிரேக் போட்டால், சிறந்த வகுப்பு ரயர்கள் பூட்டிய கார் கடைசி வகுப்பு ரயர்கள் பூட்டிய காரைவிட 18 மீற்றர் வரை முன்னதாக நிற்கும் என்று மக்களுக்கு விளக்கினார்கள். 18 மீற்றர் என்பது எங்கள் வகுப்பறைகள் இரண்டின் நீளம். இந்த வேறுபாட்டைக் கொப்பியில் எழுதுவதற்குப் பத்தி இல்லை. அது மின்சாரமாகவும் வராது, ரூபாவாகவும் வராது. வராமற்போன ஒரு செய்தியாக மட்டுமே வரும்.

விலை என்னை அச்சுறுத்தியது. நான்கு ரயர்களும் என் இரண்டு மாதச் சம்பளத்தை விழுங்கும். வீட்டுக் கூரையின் ஓடு மாற்ற ஒதுக்கிய பணம் மட்டுமே கையில் இருந்தது. மாரியோ தொடங்கிவிட்டது. இரவு மனைவியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் அடுப்படியிலிருந்தே விடை சொன்னாள்:

"வீட்டுக்குள்ள ஒழுகினா சட்டி வைக்கலாம். றோட்டில வழுக்கினா எதை வைக்கிறது?"

இரண்டாவது ரயரையே வாங்கினோம். விலைக்கூடுதலில் ஒரு பங்கை மற்ற மூவரும் ஏற்றார்கள். முதலில் கையை நீட்டியவர் கணித ஆசிரியர்.

சொகுசைப் பற்றியும் சொல்லவேண்டும். முதுகு நோவு உள்ளவர்க்கு அது ஆடம்பரமன்று. மின்காரில் இயந்திரத்தின் இரைச்சல் இல்லை. ஆகவே மற்றக் கார்களில் மறைந்துபோகும் ரயரின் முனகல் இதில் தெளிவாகக் கேட்கும். மின்காருக்கென்றே செய்யப்படும் சில விலையுயர்ந்த ரயர்களின் உட்புறத்தில், குழிக்குள் எழும் அதிர்வை அடக்க, நுரைப் பஞ்சு ஒட்டப்படுகிறது. எங்கள் பாதையில் ஆணிக்கும் முள்ளுக்கும் பஞ்சமில்லை. பஞ்சு ஒட்டிய ரயரை ஒட்டுப்போடுவது பெரும் வேலை. எங்கள் காரில் மாற்றுச் சில்லும் கிடையாது. ஆகவே அந்தச் சொகுசு எங்களுக்கு உரியதன்று. இளக்கமான பக்கச் சுவரும் அளவான காற்றுமே போதுமென்றோம். புதிய ரயரோடு முதன்முறை கிரவல் பாதையில் இறங்கியபோது எல்லோரும் அக்காவின் முகத்தையே பார்த்தோம். அவர் வழக்கமாக அந்த இடத்தில் முன் இருக்கையைப் பற்றிக்கொள்வார். அன்று கைகளை மடியிலேயே வைத்திருந்தார்.

அந்தப் பக்கச் சுவரைப் பற்றி அறிந்த ஒரு செய்தி என்னை வேறோரிடத்துக்கு இட்டுச்சென்றது. காரின் ரயரில் செயற்கை இறப்பர், சிலிக்கா, கரித்தூள், உருக்குக் கம்பி, நூல் எனப் பல பொருள்கள் உண்டு. மரத்திலிருந்து எடுக்கும் இறப்பர் அவற்றுள் ஒன்றே. ஆனால் ஓயாமல் வளைந்து நிமிரவேண்டிய பக்கச் சுவரில் அதற்குத் தனியிடம் உண்டு; அதிகம் சூடாகாமல் நெளியும் இயல்பு அதற்கு இருக்கிறது. அக்காவின் முதுகைத் தாங்குவதில் ஒரு மரத்தின் பாலுக்கும் பங்கிருக்கிறது.

அம்மரத்தை நான் அறிவேன். என் முதல் நியமனம் களுத்துறை மாவட்டத்திலே இறப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு சிறு தமிழ்ப் பாடசாலைக்கு. 1876 இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் அமேசன் காட்டிலிருந்து இறப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்றார். அங்கு முளைத்த கன்றுகள் அதே ஆண்டில் கம்பகாவின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. 1952 இல் இலங்கை இறப்பரைக் கொடுத்துச் சீனத்திடம் அரிசி வாங்கும் உடன்படிக்கை செய்தது. அந்த இறப்பரின் பாலை வெட்டியவர்களில் ஒரு பகுதியினரான தோட்டத் தமிழர்களுள் பெரும்பாலோரை 1948 ஆம் ஆண்டுச் சட்டம் பிரசைகளாகவே ஏற்றிருக்கவில்லை. நாட்டுக்குச் சோறு கொண்டுவந்த கைகளுக்கு நாட்டின் பெயர் கிடைக்கவில்லை. இவற்றைப் பல்கலைக்கழகத்திலே படித்திருந்தேன். பால்வெட்டைப் படித்திருக்கவில்லை.

விடியுமுன் குளிர் இருக்கையில்தான் பால் நன்றாக வடியும். ஆகவே என் மாணவரின் தாய்மார் இருளிலேயே மலையேறுவார்கள். மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால் வெட்டமுடியாது. வெட்டினாலும் பால் சிரட்டையில் விழாமல் மரத்தின் உடலெங்கும் வழிந்து வீணாகிவிடும். மழையில் வேலையில்லை, இடையில் நின்றுவிட்டால் அரைப்பேர். ஒருமுறை ஒன்பதாம் வகுப்புக்கு 'மழை' என்ற தலைப்பிற் கட்டுரை எழுதக் கொடுத்தேன். எல்லோரும் மயிலையும் குயிலையும் பாடநூலிலிருந்து அழைத்துவந்தார்கள். ஒரு பெண் மட்டும் இரண்டு வரிகள் எழுதியிருந்தாள். மழை பெய்தால் அம்மா வீட்டில் இருப்பா என்றும், அன்று கடையிற் கடன் சொல்லத் தன்னை அனுப்புவா என்றும் எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையால் 'வருணனை போதாது' என்றெழுதிப் பத்துக்கு மூன்று கொடுத்தேன்.

கடையில் ஈரப் பிடிக்கு மதிப்பெண் தேடிக்கொண்டிருந்தபோது அந்த மூன்று மதிப்பெண் நினைவுக்கு வந்தது. அன்றும் மழையை வாசிக்க எனக்குத் தெரியவில்லை. மலிவான ரயர் என்று நாம் சொல்லும்போது அந்த மலிவை யாரோ ஒருவர் எங்கோ கொடுத்து முடித்திருக்கிறார். அது பால் வெட்டியவரின் கூலியாக இருக்கலாம்; வீதியைக் குறுக்கறுத்த பிள்ளையின் காலாக இருக்கலாம். விலைச்சீட்டில் எழுதப்படாத தொகைகள் அவை.

புதிய ரயர் பூட்டிய முதல் வாரம் கொப்பி எங்களைத் திகைக்க வைத்தது. நல்ல ரயர் வாங்கியும் வீடு சேரும்போது எஞ்சிய மின்சாரம் முன்னையிலும் குறைவு. ஏமாந்துவிட்டோமோ என்று கணித ஆசிரியரின் முகம் கேட்டது. ஏமாறவில்லை. வழுக்கை ரயர் தந்த பொய்ச் சிக்கனம் போயிருந்தது, அவ்வளவே. தேய்ந்த ரயரைக் கழற்றிப் புதியது பூட்டுகிறவர் எவராயினும், எவ்வளவு சிறந்த ரயராயினும், தொடக்கத்திற் சில கிலோமீற்றர் குறைவதை எதிர்பார்க்கவேண்டும். இதை அறியாதவர் ரயரை வைவார். அல்லது அடுத்த முறை இன்னும் வழுக்கையாகும்வரை காத்திருப்பார்.

இழந்த கிலோமீற்றரை வேறு வழியில் மீட்டோம். காரின் கதவோரத்தில் ஒட்டப்பட்டிருந்த சீட்டில் காற்றின் அளவு 36 என்றிருந்தது. மாதத்துக்கு ஓரிரு இறாத்தல் அழுத்தம் தானாகவே குறையும். குறைந்தால் சுவர் கூடுதலாக நெளியும், சக்தி கூடுதலாக விரயமாகும். ஆகவே ஒரு சிறு அளவுமானியும் கால் பம்பும் வாங்கி, இரு வாரத்துக்கொருமுறை விடியலில், ரயர் குளிர்ந்திருக்கும்போது, காற்றைச் சரிபார்க்கிறேன். கூட்டி அடித்தால் இன்னும் ஓடும் என்று சிலர் சொல்வர். கூட்டினால் ரயர் விறைத்து, முதுகையும் பிடியையும் வருத்தும். மற்றொன்று வேகம். 70 இல் ஓடியவர்கள் 55 இல் ஓடத் தொடங்கினோம். 40 கிலோமீற்றருக்குப் பத்து நிமிடம் கூடும். பத்து நிமிடம் முந்திப் புறப்படுகிறோம். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், அந்தப் பத்து நிமிடம் எந்த ரயரும் தராத அளவு மின்சாரத்தைத் திருப்பித் தந்தது. ஆமை இப்போது எழும்புவதில்லை.

ஒருநாள் அதே சைக்கிள் மாணவன், கழற்றிய பழைய ரயர் ஒன்றைப் பாடசாலைத் தோட்டத்தில் பூச்செடி வைக்கக் கொண்டுவந்தபோது, அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"சேர், இதில இருந்த றப்பர் எல்லாம் எங்க போச்சு?"

வீதிக்குப் போனது, வீதியிலிருந்து மழையோடு வாய்க்காலுக்குப் போனது. அமெரிக்காவின் மேற்குக் கரையோர ஓடைகளில், மழை பெய்யும்போதெல்லாம் ஒருவகைச் சல்மன் மீன்கள் செத்து மிதந்ததன் காரணத்தைப் பல ஆண்டுகள் தேடி, ரயர் கெடாதிருக்கக் கலக்கும் ஓர் இரசாயனம் காற்றோடு சேர்ந்து மாறிய நஞ்சே அது என்று ஆய்வாளர் 2020 இல் வெளியிட்டனர். மின்கார் புகை கக்காது என்று பெருமை பேசும் நாம், அதன் பாரமும் திடீர் இழுவையும் ரயரை விரைவில் தேய்க்கும் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். மெதுவாக எடுத்து மெதுவாக நிறுத்துவது சிக்கனம் மட்டுமன்று. வாய்க்காலுக்குச் செய்யும் மரியாதையும் ஆகும். அவனுக்கு இவ்வளவும் சொன்னேன். தமிழ்ப் பாட வேளை முடிந்துபோயிற்று, வருத்தமில்லை.

இவை ஒரு தனி மனிதன் தன் கூரைப் பணத்தைக் கொடுத்துப் பெற்ற பாடங்கள். கூரையும் இல்லாதவன் என்ன செய்வான்? அன்றாடம் ஓட்டோ ஓட்டிப் பிழைப்பவனிடம் போய் ஈரப் பிடியைப் பற்றி உபதேசிக்க எனக்கு உரிமையில்லை. வழுக்கை ரயர் அவனுடைய ஒழுக்கக் குறைவன்று, வருமானக் குறைவு. ஆகவே இது நல்ல மனிதர்கள் தனித்தனியே நல்ல ரயர் வாங்குவதால் மட்டும் தீரும் காரியமன்று. ரயரின் விலை எழுதப்படும் இடத்திலேயே அதன் உருள்தடையும் ஈரப் பிடியும் வயதும், வாங்குவோன் வாசிக்கக்கூடிய மொழியில், எழுதப்படவேண்டும். எழுத்தில்லாத ரயர் கடைக்கு வரவே கூடாது. எழுதினால் போதுமா என்றால், போதாது. வாசிக்கக் கற்பிக்கவும் வேண்டும். அந்தப் பங்கு ஆசிரியர்களாகிய எங்களுக்குரியது.

என் வீட்டுக் கூரை இந்த மாரியிலும் ஒழுகுகிறது. நடுவறையில் இரண்டு சட்டிகள் இருக்கின்றன. விடியலில் அவற்றின் நீரை வெளியே ஊற்றிவிட்டு, அளவுமானியை எடுத்துக்கொண்டு காரடிக்குப் போகிறேன். முகமாலைக்கு அப்பால் அந்தப் பையன் இன்னும் தங்கையை ஏற்றிக்கொண்டுதான் வருகிறான். அவனைக் கண்டதும் நால்வரும் பேச்சை நிறுத்துகிறோம். நான் வேகத்தைக் குறைக்கிறேன். அவன் வீதியைக் கடந்து முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு போகிறோம்.